எஃகுத் தந்தியும் சுருதியும்

வயலின் வாங்கச் செல்வோர் முதலில் மரத்தைப் பார்ப்பர். மேற்பலகையின் நார் ஓட்டத்தைப் பார்ப்பர், அடிப்பலகையில் புலித்தோல் வரிபோல் ஓடும் கோடுகளைப் பார்ப்பர், மெருகைப் பார்ப்பர். வில்லைக் கையில் எடுத்து அதன் எடையைச் சோதிப்போரும் உண்டு. கருவியின்மேல் கட்டப்பட்டிருக்கும் நான்கு தந்திகளைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. வில்லின் உரசலை முதலில் ஏற்று அதிர்வதோ தந்திதான். அவ்வதிர்வைக் குதிரையின் வழியாகப் பெற்று அவையோர் செவிக்குக் கேட்குமாறு பரப்புவது மரத்தின் பணி.

தமிழில் இவ்வகை இசைக்கருவிகளுக்கு நரம்புக்கருவி என்று பெயர். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினுக்கும் இப்பெயர் முழுப்பொருளோடு பொருந்தியிருந்தது. பாலுசாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, அதைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிய காலத்தில், அக்கருவியின் தந்திகள் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்புகளாகவே இருந்தன. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாளிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்ற காலத்திலும் அதே நிலைதான். தடித்த தந்திக்கு மட்டும் நரம்பின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றுவர். நரம்பின் ஒலி கனிந்தது. அதன் உடலோ நொய்ந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சுருதி மாறும். எல்லாவற்றினும் மெல்லிய முதல் தந்தி அடிக்கடி அறுந்துவிடும்.

எஃகு முதலில் நுழைந்தது அந்த முதல் தந்தியின் இடத்தில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வயலின் கலைஞர்கள் சிலர் எஃகுக் கம்பியைக் கட்டிப் பார்த்தனர். புகழ்பெற்ற ஆசிரியரான கார்ல் ஃபிளெஷ் அதை ஆதரித்தவர்களுள் ஒருவர். முதல் உலகப் போரின்போது, புண் தைப்பதற்காக மருத்துவமனைகளுக்குக் குடல்நரம்பு மிகுதியாகத் தேவைப்பட்டதும் எஃகின் பரவலுக்குத் துணைசெய்தது. போர் முடிந்த மறு ஆண்டு, 1919இல், வியன்னாவில் தோமாஸ்டிக், இன்ஃபெல்ட் என்னும் இருவர் தொடங்கிய நிறுவனம், மற்றத் தந்திகளுக்கும் எஃகை உட்கம்பியாகக் கொண்டு தந்திகள் செய்தது. 1970இல் அதே நிறுவனம் செயற்கை இழையை உள்ளே வைத்த ‘டாமினன்ட்’ தந்தியை வெளியிட்டது. அதன்பின் மேடைக் கலைஞர் பலர் செயற்கை இழைக்கு மாறினர். ‘எஃகு கற்றுக்குட்டிகளின் தந்தி’ என்னும் பேச்சும் மெல்ல வேரூன்றியது.

அப்பேச்சு பாதி உண்மையே. செயற்கை இழைத் தந்தி கட்டிய வயலினிலும் முதல் தந்தி பெரும்பாலும் எஃகாகவே இருக்கிறது. எஃகை ஏளனம் செய்பவரும் பாட்டின் உச்ச இடங்களை எஃகிலேயே வாசிக்கிறார்!

எஃகு உட்கம்பித் தந்திகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சிலவற்றின் உள்ளே இருப்பது ஒற்றைக் கம்பி. சிலவற்றின் உள்ளே இருப்பது பல நுண்கம்பிகளை ஒன்றாக முறுக்கிய வடம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இரும்புக்கோலுக்கும் தாம்புக்கயிற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது. கயிற்றின் புரிகள் ஒன்றோடொன்று சற்று வழுக்கிக்கொடுப்பதால் கயிறு எளிதாக வளைகிறது. ஒரே பருமனுள்ள கோல் அவ்வாறு வளைவதில்லை. வளைய மறுக்கும் தந்தி மென்மையான வில்லுக்கு உடனே இசையாது. தொடக்கத்தில் ஒரு கரகரப்பு எழுந்த பிறகே சுரம் பிறக்கும். உட்கம்பியைத் தடிக்கச் செய்யாமல், அதன்மேல் வேறோர் உலோகத்தைப் பட்டையாகச் சுற்றி எடையைக் கூட்டுவதன் காரணமும் இதுவே. எனவே, ‘எஃகா, இல்லையா?’ என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ‘ஒற்றைக் கம்பியா, வடமா?’ என்றும் கேட்க வேண்டும். ஒற்றைக் கம்பி மலிவானது, உறுதியானது, அதன் ஒலி கூர்மையானது. வடம் சற்று விலை கூடியது. அதன் ஒலியில் இளக்கம் மிகுதி.

இவ்வளவும் எந்நாட்டு வயலினுக்கும் பொருந்தும். கருநாடக இசைக்கு வரும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. தந்தி செய்வோர் அதன் பருமனையும் எடையையும் மேற்கத்தியச் சுருதியைக் கருதியே வகுக்கின்றனர். அங்கே நான்கு தந்திகளும் முறையே ஜி, டி, ஏ, இ என்னும் சுரங்களில் நிற்கும். இங்கேயோ சட்சமம், பஞ்சமம், சட்சமம், பஞ்சமம் என்று அவை நிற்க வேண்டும். அச்சட்சமமும் பாடகரின் குரலுக்கு ஏற்ப மாறும். பெண் பாடகர் பலருக்கு ஏற்ற 5 கட்டைச் சுருதியில் நான்காம் தந்தியும் மூன்றாம் தந்தியும் மேற்கத்திய இடத்திலேயே நிற்கும். இரண்டாம் தந்தியும் முதல் தந்தியும் ஒவ்வொரு முழுச்சுரம் கீழிறங்கும். ஆண் பாடகருக்கு ஏற்ப அதனினும் தாழ்த்திச் சுருதி சேர்க்கும்போது நான்குமே தளரும்.

ஒரு முழுச்சுரம் இறங்குவது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். இயற்பியல் வகுப்பில் சுரமானியைக் கையாண்ட மாணவர் இதைக் கணக்கிட்டே அறியலாம். தந்தியின் நீளமும் எடையும் மாறாதபோது, இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். 0.26 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தந்தி ஒன்று, மேற்கத்தியச் சுருதியில் ஏறத்தாழ 8 கிலோ எடைக்கு ஈடான இழுவிசையில் நிற்கும். ஒரு முழுச்சுரம் இறங்கினால் அது சுமார் 6.3 கிலோவாகக் குறையும். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பழைய இறுக்கம் மீள வேண்டுமானால் தந்தியின் விட்டம் 0.29 மில்லிமீட்டர் அளவுக்கு உயர வேண்டும்.

தளர்ந்த தந்தியில் விரல் எளிதாக அழுந்தும். வில்லோ பிடிப்பின்றி நழுவும். சற்று அழுத்தி இழுத்தால் ஒலி நெரியும். வாசிப்பவர் மாணவராயின், குறை அவருடைய கையில் இருப்பதாகவே வீட்டார் எண்ணுவர். விரைவில் மாணவரும் அப்படியே எண்ணத் தொடங்குவார். விரல் குற்றமும் வில் குற்றமும் பயிற்சியால் நீங்கும். சுருதிக்குப் பொருந்தாத தந்தியின் குற்றம் எத்தனை ஆண்டுப் பயிற்சியாலும் நீங்காது. உறையின்மேல் மெல்லியது, நடுத்தரம், தடித்தது எனக் குறிக்கப்பட்டிருக்கும் அளவுகளுள் நடுத்தரத்தையே பழக்கத்தால் வாங்குவோர், தாழ்ந்த சுருதிக்குத் தடித்ததையும் ஒருமுறை கட்டிப் பார்ப்பது நன்று. கடையில் சோதிக்கும்போதும் தந்தியைத் தம் சுருதிக்கு இறக்கியே சோதிக்க வேண்டும். மேற்கத்தியச் சுருதியில் மணிபோல் ஒலிப்பது ஒன்றரைக் கட்டையில் மழுங்கிப்போகலாம்.

அடுத்து நோக்க வேண்டியது கமகம். நம் கலைஞர் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலக்காலின்மேல் ஊன்றி, மற்றொரு முனையை மார்பில் அணைத்து வாசிக்கின்றனர். கருவியைத் தாங்கும் சுமை இடக்கைக்கு இல்லாமையால் விரல்கள் தந்தியின் நீளம் முழுவதும் தடையின்றி வழுக்கி ஓடும். அங்கே தந்தியின் மேற்பரப்பு முதன்மை பெறுகிறது. சுற்றுப்பட்டை வழவழப்பாக இல்லையெனில் தோடியின் காந்தாரம் அசையும்போது விரலின் கீறலும் சேர்ந்து ஒலிக்கும். விரல்நுனியில் எண்ணெய் தொட்டுக்கொள்வோரும் உளர். அவர்கள் வாசித்து முடித்ததும் தந்தியைத் துணியால் துடைப்பது இன்றியமையாதது. எஃகின் பகை ஈரமும் வியர்வையும். கடற்கரை ஊர்களில் முதல் தந்தி துருப்பிடிப்பது புதிதன்று.

ஈரத்தால் எஃகு துருப்பிடிக்கலாமே தவிர, நரம்பைப் போல ஈரத்தை உறிஞ்சிச் சுருதி மாறாது. வெளியே புழுக்கம், உள்ளே குளிரூட்டிய அரங்கு என்று மாறி மாறிச் செல்லும் மார்கழிக் கச்சேரிகளில் இது சிறிய நன்மையன்று. எஃகுத் தொகுதியின் விலை பெரும்பாலும் செயற்கை இழைத் தொகுதியின் விலையினும் குறைவு. நாள்தோறும் பல மணிநேரம் சாதகம் செய்யும் ஏழை மாணவருக்கு, நெடுநாள் உழைக்கும் எஃகைக் காட்டிலும் ஏற்ற தந்தி இல்லை. வடத்தாலான உட்கம்பியும் சுருதிக்கேற்ற பருமனும் அமைந்துவிட்டால் அவர் ஒலியில் இழப்பதும் மிகுதியன்று.

எஃகுக்கு மாறுவோர் வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். எஃகு மிகக் குறைவாகவே நீளும். ஆகவே, முறுக்காணியை நூலிழை அளவு திருப்பினாலும் சுருதி தாவிவிடும். தந்திகளின் அடிமுனையில் ஃபைன் ட்யூனர் என்னும் சிறு திருகுகள் பொருத்துவது இதற்காகவே. மெல்லிய எஃகு குதிரையின் விளிம்பை அறுத்து உள்ளிறங்கும். அவ்விடத்தில் சிறு தோலோ நெகிழிக் குழலோ வைப்பது வழக்கம். நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றுதல் கூடாது. வயலினின் உள்ளே, குதிரைக்கு அருகில், ஒட்டப்படாத சிறு மரத்தூண் ஒன்று தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. பிரெஞ்சு மொழியில் அத்தூணுக்கு உயிர் என்று பெயர். அழுத்தம் முழுவதும் நீங்கினால் அது சாய்ந்துவிடக்கூடும். ஒன்றைக் கழற்றி, அவ்விடத்தில் புதியதைக் கட்டிச் சுருதிக்குக் கொண்டுவந்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும்.

கழற்றிய தந்திகளுள் அறுபடாமலும் துருவேறாமலும் இருப்பவற்றை வளையமாகச் சுருட்டி வயலின் பெட்டியில் வைத்துக்கொள்வது பழகிய கலைஞரின் வழக்கம். கச்சேரியின் நடுவே முதல் தந்தி அறுந்தால், புதிய தந்தியைவிட, முன்பே இழுபட்டு அடங்கிய அப்பழைய தந்தி விரைவில் சுருதியில் நிற்கும்.