வளர்கிற பிள்ளை

பனி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழிப் பனிதான். விடியற்காலையில் தர்மலிங்கேசுவரர் மலையின் தலையை மறைத்துக்கொண்டு நிற்கும். எட்டு மணி வெயில் பட்டதும், கடன்காரனைக் கண்ட மனுஷன் மாதிரி இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கையால் அள்ளி உருண்டை பிடிக்கிற பனியை இந்த ஜன்மத்தில் நான் கண்ணால் கண்டதில்லை.

ஆனால், வெள்ளையாக மூடிக் கிடக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் மதுக்கரை, சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஊர். 1930-களிலேயே சிமெண்டு ஆலை வந்துவிட்டது. நான் பையனாக இருந்த காலத்தில் ஓட்டுக் கூரை, வேலிக் கள்ளி, எருக்கஞ்செடி எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். எருமைகூடச் சில நாள் வெள்ளையாக வீடு திரும்பும். அம்மா கொடியில் உலர்த்திய துணியை எடுத்து இரண்டு தரம் உதறிவிட்டுத்தான் மடிப்பாள்.

இப்பேர்ப்பட்ட ஆசாமியிடம் போன கார்த்திகையில் ஒரு யோசனை கேட்கப்பட்டது. கேட்டவன் என் மகன். கனடாவில், டொரண்டோவுக்கு வடக்கே, பாரி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறான். அங்கே வருஷத்தில் நாலைந்து மாதம் பூமி கண்ணுக்குத் தெரியாதாம். வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் சொந்த நிலம். எட்டு வயதில் ஒரு பையன், ஆறு வயதில் ஒரு பெண். இப்போதுதான் டெலிபோனிலேயே முகம் பார்த்துப் பேசுகிற காலமாயிற்றே; ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வந்தான்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு ரோசனை கேக்கோணுங்க. புள்ளைங்களுக்குப் பனியில ஓட்டற வண்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன். ரெண்டு வண்டி பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு 120 சிசி, சின்னது. இன்னொண்ணு 200. எது எடுக்கலாமுங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங் கண்ணு, அந்த ஊர்ல கேக்கறதுக்கு ஆளா இல்லை? நான் பனியையே பாத்ததில்லையே" என்றேன்.

"ஆளு நெறைய இருக்கறாங்க. அவிய எல்லாம் வண்டியைப் பத்தித்தான் சொல்றாங்க" என்றான் மகன்.

இந்தப் பதில் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெருமை வந்துவிட்டால் எழுத்தாளன் சும்மா இருப்பானா? ஒரு வாரம் கெடு கேட்டுக்கொண்டு, பனி வண்டியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க உட்கார்ந்தேன். எந்தப் பொருளைப் பற்றிப் படித்தாலும் அதைச் செய்த மனுஷன் யார் என்று முதலில் தேடுவது என் பழக்கம். தேடினதில், ஒரு நாவலுக்குப் போதுமான கதை கிடைத்தது.

கனடாவில் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சிற்றூர். அங்கே 1907-ல் பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. பதினைந்து வயதில், அப்பா கொடுத்த பழைய போர்டு காரின் இஞ்சினைச் சறுக்குக் கட்டையின் மேல் ஏற்றி, பின்னால் விமானத்துக்கு இருப்பதுபோல ஒரு விசிறியை மாட்டி, தம்பியையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஓட்டினார். அப்பா பயந்து போனார். உடனே பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். பையன் பிரித்துவிட்டான், நினைப்பை மட்டும் பிரிக்கவில்லை. வளர்ந்து, பட்டறை வைத்து, கல்யாணம் செய்துகொண்டு, பனி வண்டி யோசனையிலேயே இருந்தார். 1934-ல் அவருடைய இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றில் கடுமையான நோவு கண்டது. வெளியே பாதை முழுவதையும் பனி மூடியிருக்கிறது. பட்டறையில் நிற்கிற வண்டியோ இன்னும் ஓடும் நிலைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்து போயிற்று.

பனியின்மேல் பல் சக்கரத்தால் இழுபடுகிற ரப்பர்ப் பட்டையை அவர் செய்து முடித்து, 1937-ல் காப்புரிமை வாங்கினார். முதலில் அந்த வண்டிகள் டாக்டர்களையும் நோயாளிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும்தான் ஏற்றிச் சென்றன. ஒருவர் இருவர் ஏறி விளையாட்டாக ஓட்டுகிற 'ஸ்கி டூ' 1959-ல்தான் வந்தது. ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாத துக்கத்துக்கும் இந்த வண்டிக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதையே குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமானாக வாங்கலாமா என்று இப்போது நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அது போகட்டும். வண்டிக்கு வருகிறேன். 120 சிசி வண்டி என்பது ஒரே சிலிண்டர். கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். கட்டை விரலால் ஒரு நெம்புகோலை அழுத்தினால் நகரும். விரலை எடுத்தால் நின்றுவிடும். மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி ஒரு கட்டுப்பாடு வைத்தே அனுப்புகிறார்கள். நம் ஊரில் அவசரமாகச் சைக்கிள் மிதிக்கிறவன் போகிற வேகம். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஒரு சுருள் கயிறு. ஒரு முனை வண்டியில், ஒரு முனை குழந்தையின் சட்டையில். குழந்தை விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும். இஞ்சின் அந்தக் கணமே செத்துவிடும். பின்னால் ஓடி வருகிற தாயார் செய்ய நினைக்கிற காரியத்தை அந்தக் கயிறு செய்கிறது.

ஆனாலும் அந்தச் சின்ன வண்டியே ஏறக்குறைய எழுபது கிலோ. எட்டு வயதுப் பிள்ளையைப் போல மூன்று பங்கு. கவிழ்ந்தால் அவனால் தூக்க முடியாது. 200 சிசி இன்னும் கனம், இன்னும் வேகம்.

அடுத்த ஞாயிறு மகன் வந்தான். நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "சின்னது ரெண்டே வருஷந்தானுங்கப்பா ஆகும். பெரிசா எடுத்தா அஞ்சு வருஷத்துக்கு ஆகும். வளர்ற புள்ளைங்கதானே?"

நான் வாயடைத்துப் போனேன். அந்த வார்த்தை என்னுடையது.

நம் வீடுகளில் எதையும் அளவாக வாங்குகிற வழக்கம் கிடையாது. தீபாவளிச் சட்டை முழங்கை தாண்டித் தொங்கும். பள்ளிக்கூடத்துச் செருப்பில் முன்னால் பஞ்சு வைப்போம். 'வளர்ற பிள்ளை' என்ற ஒரு சொல்லுக்குத் தையல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். சட்டை பெரிதாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் அந்தச் சாஸ்திரத்தைச் சைக்கிளுக்கும் பிரயோகித்தேன்.

1991-ம் வருஷம். பையனுக்கு ஒன்பது வயது. ஒரு தொடர்கதைக்குச் சன்மானம் வந்திருந்தது. அவன் வாடகைக் கடையில் மணிக்கணக்கில் அரைச் சைக்கிள் எடுத்து ஓட்டிப் பழகியிருந்தான். கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் அவன் உயரத்துக்குச் சரியாக ஒரு சின்னச் சைக்கிள் நின்றது. சிவப்பு நிறம். அவன் அதன் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் "இது ரெண்டு வருஷம்கூட வராது, வளர்ற பிள்ளை" என்று சொல்லி, பெரியவர்கள் ஓட்டுகிற முழுச் சைக்கிளை வாங்கினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

சீட்டில் உட்கார்ந்தால் கால் பெடலுக்கே எட்டாது; தரைக்கு எங்கே எட்டும்? பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்தான். பிரேக்கை எட்டிப் பிடிக்க விரல்களை முழுக்க விரிக்க வேண்டும். ஆனி மாதம், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து புறப்படுகிற மேல்காற்று ஆளைத் தள்ளுகிற பருவம். ரயில்வே கேட்டுப் பக்கம் இறங்குகிற சரிவில், காற்று முதுகில், வண்டி வேகத்தில். அவன் பிரேக்கை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். காலை ஊன்றப் பார்த்தான். இரண்டும் எட்டவில்லை.

இடது முழங்கை. எலும்பு கூடிற்று, ஆனால் நேராகக் கூடவில்லை. இன்றைக்கும் அந்தக் கை முழுசாக நீளாது.

கை உடைந்ததை இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். அதைவிட அதிகமாக நினைத்தது வேறொன்று. விழுந்தவனைத் தூக்கி நிறுத்திய கையோடு, நாலு பேருக்கு முன்னால் நான் அவனை அதட்டினேன்: "பாத்து ஓட்டமாட்டியா?" வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அவன் சொன்ன பதில், "தப்புத்தானுங்கப்பா." ஊரிலும் உறவிலும் யார் கேட்டாலும், 'பையன் பராக்குப் பார்த்துக்கொண்டு விழுந்துவிட்டான்' என்றே சொல்லி வந்தேன். சொல்லச் சொல்ல அதுவே சரித்திரம் ஆகிவிட்டது. அவனும் அப்படியேதான் நம்பியிருப்பான்.

"கண்ணு, உன் கையை ஒருக்காப் பாரு" என்றேன். டெலிபோனில் அவன் முகம் மாறியது. "அந்தச் சைக்கிள் உனக்குப் பெரிசு. உன்மேல தப்பே இல்லை. வாங்கினது நான். கால் எட்டலைன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் வாங்கினேன்."

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தச் சிவப்பு வண்டி இன்னும் ஞாபகம் இருக்குதுங்கப்பா" என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பின் யோசனை சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் படிக்கட்டையில் முழுசாகப் பதிய வேண்டும். கைப்பிடியை விடாமலே கட்டை விரல் நெம்புகோலுக்கும் மற்ற விரல்கள் பிரேக்குக்கும் எட்ட வேண்டும். கைப்பிடியைக் கடைசிவரை திருப்பினாலும் தோள் இழுபடக் கூடாது. தலைக்கவசம் இன்றைக்கு இருக்கிற தலைக்குத்தான். அடுத்த வருஷத்துத் தலைக்கு அல்ல. பெரிதாக இருந்தால் விழுகிற நேரத்தில் கழன்றுவிடும். கனமாக இருந்தால் சின்னக் கழுத்து தாங்காது. பழைய வண்டி வாங்குவதானால் ரப்பர்ப் பட்டையில் கிழிசல் உண்டா, வேகக் கட்டுப்பாட்டை யாராவது அவிழ்த்திருக்கிறார்களா, அந்தச் சுருள் கயிறு நிஜமாகவே இஞ்சினை நிறுத்துகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்துச் சின்னதாகிவிட்டால், தங்கை ஓட்டட்டும், பிறகு விற்றுவிடட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சொல்லப் பிடிக்காத ஒன்றையும் சொன்னேன். கனடாவின் குழந்தை வைத்தியர்கள் சங்கமும் சரி, அமெரிக்காவில் உள்ளதும் சரி, பதினாறு வயது ஆகாத பிள்ளைகள் பனி வண்டி ஓட்டவே கூடாது என்கின்றன. ஆறு வயதுக்குக் கீழே பின்னால் உட்கார வைத்துக்கூட அழைத்துப் போகக் கூடாதாம். கால் எட்டுகிற வண்டியைக் கம்பெனிக்காரன் செய்து கொடுத்துவிடுவான்; எதிரே மரம் வந்தால் என்ன செய்வது என்கிற நிதானத்தை அவன் செய்து கொடுக்க முடியாது என்பது டாக்டர்களின் வாதம். ஒண்டாரியோச் சட்டமோ நடுவில் நிற்கிறது. பன்னிரண்டு வயது ஆகாதவர்கள் சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓட்டலாம் என்கிறது.

இந்தியாவில் நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. பதினெட்டு நிரம்பாத பிள்ளை மோட்டார் வண்டி ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால், தகப்பனுக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இருந்தும், ஸ்கூட்டரின் முன்னால் நாலு வயதுக் குழந்தையை நிற்க வைத்து, அதன் கையில் ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து அழகு பார்க்கிற தகப்பனைத் தினம் பார்க்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

"மாமா, வேண்டாம்னே சொல்லிருங்க" என்று மருமகள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். என் கட்சியும் டாக்டர்களின் கட்சிதான், அதைச் சொன்னேன். ஆனால் முடிவு அவர்களுடையது. தகப்பன் பேச்சைக் கேட்டுக் கை வளைந்தவனிடம் இதற்குமேல் அதிகாரம் பண்ண எனக்கு உரிமை ஏது?

தைப் பொங்கலன்று மறுபடி வந்தார்கள். மகன் பழைய வண்டியாக ஒன்று வாங்கியிருந்தான், 120-தான். தங்கைக்கு இந்த வருஷம் இஞ்சின் இல்லாத மரச் சறுக்கு மட்டும். வேகத்தை இன்னும் குறைத்து, ஆள் நடக்கிற அளவுக்கு வைத்திருக்கிறானாம். ஏரிப் பக்கம் போவதில்லை என்றும், அப்பன் பக்கத்தில் இல்லாமல் சாவி வெளியே வராது என்றும் மருமகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். அவள்தான் டெலிபோனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரையெல்லாம் வெள்ளை. ஒரு கணம் எனக்கு எங்கள் பழைய மதுக்கரை மாதிரியே இருந்தது.

"அப்பாரு! பாருங்க, கால் எட்டுது!" என்று பேரன் கத்தினான். வண்டி புறப்பட்டது. கூடவே என் மகன், பனியில் கால் புதையப் புதைய, மூச்சு வாங்க நடந்தான். வளைந்த அந்த இடது கை பையனின் முதுகுக்குப் பின்னால், தொடாமல், ஒரு சாண் தள்ளி நீண்டிருந்தது. எவ்வளவு நீளுமோ அவ்வளவு.

என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"கையுறை போடாம வந்துட்டான் பாருங்க. அந்தக் கை குளிர் தாங்காதுங்களே" என்றாள்.