வண்டிக்கு முன்னால் ஒரு போன்

ஸ்ட்ராஸ்பர்க்

அன்புத் தம்பிக்கு,

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தைப் பெரிதாக்கிவிட்டால் ஏர் ஆம்புலன்ஸ் வந்து இறங்கும், நம் ஜனங்களுக்கு விடிவு பிறக்கும் என்று எழுதியிருந்தாய். ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர். நீட்ட வேண்டுமென்றால் தமிழ்நாட்டு நிலமும் வேண்டும். அது நடக்கிறபோது நடக்கட்டும். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது மாமாவின் மஞ்சப்பைதான்.

நெஞ்சுவலி என்று முதலில் சேர்த்த இடத்தில், "ஜிப்மருக்குக் கொண்டு போயிடுங்க" என்று ஒரு சீட்டை எழுதி அத்தை கையில் கொடுத்தார்கள். கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன ஊசி போட்டாங்க? எத்தனை மணிக்கு?" அத்தை பையை அப்படியே பெஞ்சில் கொட்டினார். ஈசிஜி தாள் இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்கூட இருந்தது. ஊசியின் பெயர் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. மாமாவுக்கு ஆயுசு கெட்டி, பிழைத்தார்.

இங்கே பிரான்சில் 15-ஐ அழைத்தால் 'சாமு' என்ற அவசர மருத்துவச் சேவை எடுக்கும். துலூஸ் நகரில் லூயி லாரெங் என்ற டாக்டர் 1968-ல் தொடங்கிவைத்தது, 1986-ல் சட்டமே ஆனது. அங்கே போனுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார். எந்த வண்டி, எந்த ஆஸ்பத்திரி, ரோடா ஹெலிகாப்டரா என்பதெல்லாம் அவர் முடிவு. சின்ன ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மோசமான நோயாளியை மாற்றுவதென்றாலும் அந்தப் பக்கத்து டாக்டரோடு பேசி, படுக்கை உண்டு என்று தெரிந்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

2020 மார்ச் 26-ல் இந்த ஊரிலிருந்து 20 கொரோனா நோயாளிகளை அதிவேக ரயிலில் ஏற்றி மேற்குப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்து டிவியில் பார்த்தோம். எல்லாரும் ரயிலைப் பார்த்து வாய் பிளந்தார்கள். நான் அதற்கு முந்தைய போன்களை நினைத்துக்கொண்டேன். எத்தனை பேசியிருப்பார்கள்! அதற்காக இது சொர்க்கம் என்று எண்ணிவிடாதே. ராத்திரியில் அவசரப் பிரிவை மூடிவிடும் சிற்றூர்கள் இங்கேயும் உண்டு.

இப்போது நம் கதைக்கு வா. சென்னை 150 கிலோமீட்டர். நோயாளியைக் கோரிமேட்டில் ஏற்றி, லாஸ்பேட்டையில் இறக்கி, விமானத்தில் ஏற்றி, மீனம்பாக்கத்தில் மறுபடி இறக்கி ஏற்றுவதற்குள் ரோட்டில் போன வண்டி செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும். காரைக்காலில் விமானம் இறங்கவே இடமில்லை. அங்கிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர் சிதம்பரம், கடலூர் என்று அடுத்த மாநிலத்து ரோட்டில் சுமார் 130 கிலோமீட்டர் வர வேண்டும். அவருக்கு இறக்கை எதற்கு? புறப்படுமுன் ஒரு போன் போதும். தமிழ்நாட்டில் வண்டி வரும்போதே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். சரியான வழி அதுதான்.

யாரையாவது "கொண்டு போங்க" என்று சொன்னால், "அங்கே யாரிடம் பேசினீங்க?" என்று கேள். போட்ட ஊசியையும் நேரத்தையும் எழுதி வாங்கு. அந்தச் சீட்டைப் பையில் போடாதே, சட்டைப்பையில் வைத்துக்கொள்.

உன் அண்ணன்