இறக்கி நிறுத்தி முடுக்கு

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் ஒரு வேகத்தடை காத்திருக்கும். சிமென்ட் கலவையில் தெருவை மறித்துப் போட்ட திட்டு. அரையடி உயரம், ஒரு முழ அகலம். யார் வீட்டுக் குழந்தையை எந்த பைக் இடித்ததோ, அவர் கொத்தனாரை வைத்துப் போட்டிருப்பார். சில இடங்களில் பள்ளம் தோண்டியவர்கள் மூடும்போது மிஞ்சிய ஜல்லியே வேகத்தடையாகிவிட்டது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கென்று ஓர் அளவு வைத்திருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும், மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்குத் தூக்கிப் போடக் கூடாது. 3.7 மீட்டர் என்றால் எங்கள் பக்கத்துச் சந்துகள் சிலவற்றின் மொத்த அகலமே அவ்வளவுதான்.

இந்த அகலக் கணக்கு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு நன்றாகப் புரியும். அகலமான மேட்டில் சக்கரம் மேலே எழும்பும். அதை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பார்த்துக்கொள்ளும். ஒரு முழத் திட்டு சக்கரத்தை எழுப்புவதற்கு முன்னால் முகத்தில் அறைந்து பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த அறையை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங்கால் முடியாது. லோயர் ஆர்மும் அதன் புஷ்ஷும்தான் வாங்கியாக வேண்டும்.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் காரின் உடம்போடு பிணைக்கிற இரும்புக் கை. வெளிமுனையில் பால் ஜாயின்ட். அதன்மேல்தான் சக்கரம் திரும்புகிறது. உள்முனையில் பெரும்பாலும் இரண்டு புஷ். புஷ் என்றால் இரும்புக் குழாய்க்குள் இன்னோர் இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்து வேகவைத்த ரப்பர். வெளிக்குழாய் ஆர்மின் காதுக்குள் இறுக்கமாக ஏறியிருக்கும். உள்குழாயை போல்ட் பிடித்திருக்கும். உள்ளே எதுவும் சுழல்வதில்லை என்பதுதான் இதில் பலருக்குத் தெரியாத சங்கதி. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, பிறகு தளர்கிறது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வேளச்சேரி போய்த் திரும்புவதற்குள் எத்தனை ஆயிரம் முறுக்கல்! அதற்கு எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் கேட்காது. கேட்காத பொருளை நாமும் மறந்துவிடுகிறோம்.

பழைய கார்கள் இப்படி இல்லை. அம்பாசடரின் முன்பக்கத்தில் கிரீஸ் நிப்பிள்கள் இருந்தன. குறித்த காலத்தில் பம்ப்பை வைத்து அடித்தாக வேண்டும். இந்த விஷயத்தில் எங்கள் ஊருக்கே உரிய கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் – வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டை 1961-லிருந்து இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. முன்சக்கரம் அசாத்தியமாக ஒடியும். 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். அந்த வசதிக்குக் காரணமான முன்பக்க அமைப்பில், கீழ்முனையில் மரையிட்ட பித்தளை டிரன்னியன் ஒன்று உண்டு. ஸ்டியரிங் திரும்பும்போது நிற்கும் தண்டு இந்த மரைக்குள்தான் சுழலும். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் போதும் என்று அடித்துக்கொண்டே போனால் ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்துவிடும். இங்கிலாந்தில் இன்றும் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் முதலில் விசாரிப்பது எஞ்சினைப் பற்றியல்ல, டிரன்னியனுக்கு எண்ணெய் விட்டாயா என்றுதான்.

அந்தக் கம்பெனி 1985-ல் ரோவர் கார் ஒன்றின் உடலை வைத்து ஸ்டாண்டர்டு 2000 கொண்டுவந்தது. அது ஓடவில்லை. 1988-ல் உற்பத்தியே நின்றது. ரொம்ப காலம் பூட்டிக் கிடந்த வளாகத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும்.

இதே சாலையில் இன்னும் தெற்கே மறைமலை நகரில் இரண்டாவது கதை. ஃபோர்டு அங்கே 1999-ல் ஐக்கான், 2010-ல் ஃபிகோ என்று கார்கள் செய்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரில் கடைசிக் கார் இறங்கியது. ஏற்றுமதிக்காக ஆலையை மறுபடி பயன்படுத்தும் விருப்பத்தை 2024-ல் தெரிவித்தது தனிச் செய்தி. என்னுடையது 2011-ல் அங்கே செய்த ஃபிகோ. பிறந்த ஊரை விட்டு முப்பது கிலோமீட்டர் தள்ளிக்கூடக் குடிபோகாத கார் என்று சொல்லலாம். ஆலை மூடிய செய்தி வந்த வாரம் அபார்ட்மென்ட்டில் பார்த்தவர்களெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். “இனிமே பார்ட்ஸுக்கு என்ன பண்ணுவீங்க?”

அந்தக் கேள்விக்கு விடை லோயர் ஆர்ம் போனபோது கிடைத்தது. ஆனால் அது போனது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. ரப்பர் ஒரே நாளில் போவதில்லை. வெயிலும் சூடும் அதைக் கெட்டியாக்கும், எஞ்சினிலிருந்து சொட்டுகிற ஆயில் ஊறவைக்கும், விளிம்பில் ஒரு கீறல் விழுந்து உள்ளே நகரும். காரும் அதற்கேற்றாற்போல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஓட்டுகிறவன் கையும் அந்தத் தளர்ச்சிக்குப் பழகிக்கொள்ளும். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் இடது பக்கம் லேசாக இழுக்கிறதா, நாமும் லேசாக வலது பக்கம் பிடித்துக்கொள்வோம், பிடிப்பது நமக்கே தெரியாமல். கண்டுபிடிப்பது எப்போதும் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்தான். செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த என் அத்தை ராஜகீழ்ப்பாக்கம் தாண்டுவதற்குள் கேட்டார்: “ஏன்டா, கீழே என்னமோ தட்டிக்கிட்டே வருதே?”

அந்தச் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. பெரிய பள்ளத்தில் கேட்காது. சின்னச் சின்ன நொடியில், மெதுவாகப் போகும்போது கேட்கும். பெரிய பள்ளத்தில் ஆர்ம் முழுவதும் ஒரு பக்கம் அழுந்திவிடுவதால் ஆட இடமிருக்காது. மெதுவாக ஓட்டும்போதுதான் உள்குழாய் தளர்ந்த ரப்பருக்குள் முன்னும் பின்னும் போய்த் தட்டும். வேகமாகப் போனால் சத்தம் வராது என்று தெரிந்துகொண்டு வேகமாகப் போகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டி என் மேஸ்திரியின் பட்டறை. கம்ப்யூட்டர் எதையும் மாட்டவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஆர்முக்கும் சப் ஃப்ரேமுக்கும் இடையில் ஒரு கம்பியை விட்டு நெம்பினார். பின் புஷ்ஷின் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து வாயைத் திறந்து காட்டியது. “பாத்தீங்களா சார், சிரிக்குது.” சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். “ரைட் சைடு பால் ஜாயின்ட் நல்லா இருக்கு. லெஃப்ட்ல லேசா ஆட்டம் இருக்கு. அது புடுங்கிக்கிச்சுன்னா வீல் படுத்துடும்.”

இங்கேதான் ஆதி விவாதம்: புஷ் மட்டும் மாற்றுவதா, ஆர்மையே மாற்றுவதா? புஷ் சில நூறு ரூபாய். ஆர்ம் முழுசாக வாங்கினால் ஜோடி சில ஆயிரம். ஆர்ம் என்பது நல்ல இரும்பு. வளையவில்லை, துருப்பிடித்து இற்றுப்போகவில்லை என்றால் அதைத் தூக்கிப் போடுவானேன் என்பது பழைய பட்டறை நியாயம். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அந்த நியாயம் ஒழுங்காக நடக்க லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் வெளிக்குழாய் நசுங்கும், ரப்பர் ஏறும்போதே அடிபடும். சில புஷ்களில் ரப்பருக்குள் பிறை மாதிரி வெட்டுகள் இருக்கும். ஒரு திசையில் இளக்கமும் இன்னொரு திசையில் இறுக்கமும் வர வேண்டும் என்று வேண்டுமென்றே விட்டவை. பழையதைக் கழற்றுமுன் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளாமல் புதியதைத் திருப்பி ஏற்றிவிட்டால், புதுப் பொருளோடு பழைய தொல்லை. இத்தனையும் செய்த பிறகு பால் ஜாயின்ட் ஆடினால், அதற்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இடது பக்கம் ஏற்கெனவே ஆடுகிறது. ஒரு பக்கம் புது ரப்பர், மறுபக்கம் வேறு வயது ரப்பர் என்று போடுவதை மேஸ்திரி ஒப்பவில்லை. ஜோடி ஆர்ம் என்று முடிவாயிற்று.

இப்படி ஒற்றைக் கையின்மேல் இவ்வளவு பாரம் விழுந்ததற்கு ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் காரணம். ஜெனரல் மோட்டார்ஸில் ஷெவ்ரலே கேடெட் என்ற சிறிய காருக்காக உழைத்துக்கொண்டிருந்தவர். 1947-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டதும் ஃபோர்டுக்குப் போனார். 1950-ல் லண்டன் கார் கண்காட்சிக்கு வந்த ஃபோர்டு கான்சலிலும் ஸெஃபிரிலும் அவருடைய யோசனை இருந்தது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக நிறுத்திவிட்டால் மேல் ஆர்ம் தேவையில்லை. விலை குறைந்தது, எஞ்சினுக்கு இடம் கிடைத்தது. சின்னக் கார்கள் பெரும்பாலானவை அவர் வழியில் போயின. நம் மாருதி 800 இன்னும் சிக்கனம்: அதில் லோயர் ஆர்ம் ஒரு குறுக்குக் கம்பி மட்டுமே, சக்கரம் முன்பின் நகராமல் ஸ்டெபிலைசர் கம்பியே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பழைய 800-ல் ஸ்டெபிலைசர் புஷ் போனால் பிரேக் பிடிக்கும்போது சக்கரமே நடுங்கும்.

பார்ட்ஸ் கிடைத்ததா என்றால், கிடைத்தது. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்காத ஆர்ம் உண்டா? ஆலை மூடினாலும் ஓடுகிற கார்கள் தெருவில் இருக்கும்வரை உதிரி செய்கிறவர்கள் நிறுத்த மாட்டார்கள். கம்பெனி பெட்டியில் ஒன்று, வேறு பேரில் ஒன்று, பேரே இல்லாமல் ஒன்று. பேரில்லாததன் தகட்டு விளிம்பில் வெல்டிங் அவசரமாக ஓடியிருந்தது. பால் ஜாயின்ட்டைக் கையால் அசைத்தால் எதிர்ப்பே இல்லாமல் ஆடியது. புது பால் ஜாயின்ட் கைக்குக் கடினமாக இருக்க வேண்டும். கம்பெனி பெட்டியை அப்படியே நகலெடுத்து விற்கிறவர்களும் உண்டு என்பதால் பெட்டியைப் பார்த்து வாங்குவதில் பொருளில்லை. மேஸ்திரி சொன்னபடி வெல்டிங்கையும் பந்தையும் பார்த்து வாங்கினேன்.

கழற்றுவதில்தான் நேரம் போனது. 2015 டிசம்பர் 2 காலை எட்டரை வரையான ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர்ப் பக்கம் வண்டிகள் கதவு மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றன, என்னுடையதும் நின்றது. வெள்ளம் எஞ்சினை என்ன செய்தது என்பதை அப்போதே பார்த்துச் சரிசெய்துவிட்டோம். போல்ட்டுக்கும் புஷ்ஷின் உள்குழாய்க்கும் நடுவில் புகுந்த சேற்றுத் தண்ணீரை யார் பார்த்தார்கள்? அது உள்ளேயே துருவாகி இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்தார்கள், சூடு காட்டினார்கள், ரிங் பானாவில் பைப்பை மாட்டித் தொங்கினார்கள். நட்டு சுற்றியது, போல்ட்டு அசையவில்லை. கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார்கள்.

புதிய ஆர்மை மாட்டியதும் பட்டறைப் பையன் பானாவை எடுத்து முடுக்கப் போனான். மேஸ்திரி அதட்டினார்: “டேய், இப்ப டைட் பண்ணாதே. சும்மா பிடிச்சு வை. எறக்கி நிறுத்தி முடுக்கு.”

எனக்கு அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அன்றைக்கு அங்கே நின்றது வீண் போகவில்லை என்று தோன்றியது. கார் ஸ்டாண்டில் இருக்கும்போது சக்கரம் தொங்குகிறது, ஆர்மும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்த நிலையில் போல்ட்டை முடுக்கினால், உள்குழாய் அந்தச் சாய்விலேயே பூட்டிக்கொள்ளும். பிறகு காரைத் தரையில் இறக்கினால் ஆர்ம் மேலே எழும். ரப்பர் அப்போதே முறுக்கேறிவிடும். நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போது அதன்மேல் இன்னும் முறுக்கு. பிழிந்த துணியை மேலும் பிழிவது போல. சில ஆண்டுகள் வர வேண்டிய புஷ் சில மாதங்களில் கிழிந்துவிடும். ‘புஷ் சரியில்லை’ என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். காரைத் தரையில் நிறுத்தி, பாரம் முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகு முடுக்கினால் ரப்பரின் ஓய்வுநிலை காரின் நிற்கும் நிலையோடு ஒத்துப்போகும். மேலே போனாலும் கீழே போனாலும் கொஞ்சம்தான் முறுக்கும்.

சொல்ல எளிது. சின்னப் பட்டறையில் காரை இறக்கிவிட்டால் கீழே கை போக இடமேது? அவரிடம் தரையில் வெட்டிய குழி இருந்தது. காரை அதன்மேல் நகர்த்தி, பானெட்டை அழுத்திக் குலுக்கி நிலைக்கு வரவிட்டு, குழிக்குள் இறங்கி முடுக்கினார். குழி இல்லாதவர்கள் பால் ஜாயின்ட் பக்கம் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, கார் ஸ்டாண்டிலிருந்து மெல்ல எழும்பும் வரை தூக்கி முடுக்கலாம் என்றார். பெரிய சர்வீஸ் சென்டர்களில் நேரக்கணக்கு. லிஃப்டில் தொங்கும்போதே முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறவர்கள் உண்டு. பாலியூரித்தேன் புஷ் வாங்கிப் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதில் குழல் சுழலும், முறுக்கல் இல்லை. பதிலுக்கு சாலையின் ஒவ்வொரு கல்லையும் ஸ்டியரிங்கில் எண்ணிக்கொண்டே போகலாம். எங்கள் தெருக்களுக்கு அது ஆகாது.

வீல் அலைன்மென்ட்டை எல்லாவற்றுக்கும் பிறகுதான் பார்த்தோம். புஷ் ஆடும்போது அலைன்மென்ட் பார்ப்பது வீண் செலவு. மெஷினில் நிற்கும்போது எண் சரியாக வரும். பிரேக்கை மிதித்ததும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். டயரின் உள்விளிம்பு மொட்டையாகிப் போனது அப்படித்தான்.

கழற்றிய ஆர்ம்களைப் பையன் டிக்கியில் வைக்கப் போனான். மேஸ்திரி தடுத்து, வலது பக்கத்ததைத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்தார். பால் ஜாயின்ட் நன்றாக இருக்கிறது. கால் டாக்ஸி ஓட்டுகிற ஒருவர் ஃபிகோ வைத்திருக்கிறாராம், புது புஷ் ஏற்றிக் கொடுத்தால் ஆயிற்று என்றார். அதற்காக என் பில்லில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். இடது பக்கத்தது காயலான் கடைக்குப் போகும் சாக்கில் விழுந்தது.