எடை மெஷினும் நானும்

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். முப்பது வயதுக்கு மேல் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது! விடியற்காலையில் மெரீனாவில் ஓடுவேன். உடம்பு இளைத்தால் ஓட்டம் லேசாகும் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், நாலு இட்லி இரண்டாயிற்று, ராத்திரிச் சாப்பாடு மோராயிற்று. நாலே மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. எடை மெஷினைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

ஆனால், மாடிப்படி ஏறினாலே கால் துவண்டது. மூன்று மாதமாக மாதவிலக்கும் இல்லை. 'ஒரு தொந்தரவு விட்டது' என்று சும்மா இருந்துவிட்டேன்.

"மருமகள் இப்படி இளைத்தால் ஊர் என்னைத்தானே சொல்லும்!" என்று மாமியார்தான் டாக்டரம்மாளிடம் இழுத்துப் போனார்.

"செலவுக்கேற்ற வரவு இல்லாவிட்டால் உடம்பு என்ன செய்யும், அம்மா? முதலில் மாதவிலக்கை நிறுத்தும், பிறகு எலும்பில் கை வைக்கும்" என்றார் டாக்டர். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயரே வைத்திருக்கிறதாம்.

இப்போது ஓடுமுன் வாழைப்பழம். வந்ததும் வயிறாரச் சாப்பாடு. நாலு கிலோ திரும்பியது, நின்றதும் திரும்பியது. ஓட்டமோ முன்னைவிட சுகம்!

மெஷின் பரண்மேல் ஏறிவிட்டது. எடையை இப்போது மாமியார் முகத்தில்தான் பார்த்துக்கொள்கிறேன்.