குளிரில் விளையாடும் பிள்ளைகள்

நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவின் ஒரு பக்கத்தில் கடல். மற்றப் பக்கங்களில் காடு. நகரின் நடுவில் நிலக்கீழ் ரயிலின் ஐந்தாம் இலக்கப் பாதையில் ஏறினால், கடைசித் தரிப்பிடம் சொக்ன்ஸ்வான் என்ற ஏரிக்கரை. ஏரியைச் சுற்றி நடக்க 3 கிலோமீற்றருக்குச் சற்று மேல். வாரநாட் காலைகளில் அங்கு போனால், மஞ்சள் மேலங்கி அணிந்த சின்னஞ்சிறுசுகள் முதுகில் பையோடு வரிசையாக நடந்து வருவதைக் காணலாம். மழை பெய்தாலும் வருவார்கள், பனி கொட்டினாலும் வருவார்கள்.

இவர்கள் முன்பள்ளிப் பிள்ளைகள். அந்நாட்டில் முன்பள்ளியை ‘பார்னஹாகே’ என்பார்கள். பிள்ளைகளின் தோட்டம் என்பது பொருள். ஒரு வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள் அங்கே போகிறார்கள். ஆறு வயதிற்றான் பாடசாலை. எல்லா முன்பள்ளிகளிலும் பிள்ளைகள் தினமும் வெளியே விளையாடுவார்கள். சில முன்பள்ளிகளோ நாளின் பெரும்பகுதியைக் காட்டிலேயே கழிக்கின்றன. காட்டில் யாரும் நடந்து திரியும் உரிமையை அந்நாடு 1957ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கியது.

1980களில் நம்மவர்கள் பலர் மாணவராக நோர்வேக்குப் போய், வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். பின்னர் பல குடும்பங்கள் ஒஸ்லோவில் குடியேறின. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த முன்பள்ளிகளுக்கே போகிறார்கள். “மழையிலே நனையாதே, பனியிலே நிற்காதே” என்று கேட்டு வளர்ந்த தாய்க்கு இது இலேசான காரியமல்ல. ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மம்மாவுக்கோ, தள்ளுவண்டியிற் கைக்குழந்தைகளை முற்றத்திலே தூங்கவிட்டிருப்பதைக் கண்டதும் நெஞ்சு பதறும். “ஐயோ, சளி பிடிக்கப்போகுதே!” என்பார். ஆனால் அங்குள்ளவர்கள் குறை சொல்வது காலநிலையை அல்ல, உடுப்பைத்தான்.

அந்த உடுப்பில் ஒரு முறை உண்டு. உடம்போடு ஒட்டி முதலில் மெல்லிய கம்பளிச் சட்டையும் நீளக் காற்சட்டையும். குளிர் கூடினால் அதன் மேல் தடித்த கம்பளி அல்லது பஞ்சுபோன்ற செயற்கைத் துணி. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத முழு அங்கி. ஒரு தடித்த உடுப்பை விட இரண்டு மெல்லிய உடுப்புகள் மேலானவை. இடையில் நிற்கும் காற்றே சூட்டைக் காக்கிறது.

நாம் பெரிதும் விரும்பும் பருத்தி இங்கே உதவாது. ஓடி விளையாடும் பிள்ளைக்கு வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்து உடம்பைக் குளிரச் செய்யும். கம்பளியோ சற்று நனைந்தாலும் சூடு தரும். காட்டில் நெருப்பு மூட்டிக் குளிர்காயும்போது தீப்பொறி பட்டால், செயற்கைத் துணி உருகித் தோலில் ஒட்டும். கம்பளி எளிதிற் பற்றாது.

சப்பாத்து விடயத்திற் பலர் தவறுவதுண்டு. காலுக்கு அளவாக இறுக்கிப் பிடிக்கும் சப்பாத்திற் கம்பளி மேஸ் போட்டால் விரல் அசைய இடமில்லை; கால் விறைத்துவிடும். விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இடம் வேண்டும். ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையை விட, விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறையே சூடானது. கழுத்திற் சால்வை சுற்றுவதில்லை. ஏறி விளையாடும்போது சிக்கிக் கழுத்தை நெரிக்கலாம் என்பதால், தலை வழியாகப் போடும் கழுத்துறையே பாவிக்கிறார்கள். மார்கழியில் ஒஸ்லோவிற் பகல்வெளிச்சம் ஆறு மணித்தியாலந்தான். ஆகவே வாகன வெளிச்சத்தில் மினுங்கும் பட்டி கட்டாயம்.

முதுகுப் பையில் இருப்பவை: பாண் துண்டுகள் அடைத்த சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், ஈர நிலத்தில் விரித்து உட்காரச் சிறிய மெத்துத் துண்டு, மேலதிகக் கையுறையும் மேஸும். முன்பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டு உண்டு. அதில் முழுதாக ஒரு மாற்றுடுப்பு இருக்க வேண்டும். ஒற்றைக் கையுறை வரை எல்லாவற்றிலும் பெயர் எழுதுவது தாயின் வேலை.

இத்தனையும் புதிதாக வாங்கினால் பணம் கரையும். பிள்ளையும் அடுத்த வருடம் வளர்ந்துவிடும். அதனால் அந்நாட்டவரே மூத்த பிள்ளையின் உடுப்பை இளையதற்கும், உறவினருக்கும், அயலவருக்கும் கொடுக்கிறார்கள். பழைய உடுப்பு விற்கும் கடைகளுக்குப் போவதை யாரும் வெட்கமாக நினைப்பதில்லை. மேலங்கி சற்றுப் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, சப்பாத்தும் உள்ளுடுப்பும் சரியாக இருக்க வேண்டும் என்பது அனுபவப்பட்ட தாய்மாரின் கணக்கு.

ஏன் இவ்வளவு கவனம்? சரியான உடுப்பில்லாத பிள்ளை கைவிறைத்து ஓரத்தில் நிற்கும். மற்றப் பிள்ளைகள் பனியில் உருண்டு, வழுக்கி, சண்டைபிடித்துச் சிநேகிதராகும்போது இது பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டிலே தமிழ் பேசும் பிள்ளைக்கு நோர்வே மொழி வருவது அந்த விளையாட்டிற்றான். ஒரு சோடிக் கையுறை குறைந்தால், குறைவது சூடு மட்டுமல்ல.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் தங்கள் உடுப்பைத் தாங்களே போட முயல்கிறார்கள். ஆசிரியர்கள் பொறுமையோடு காத்திருக்கிறார்கள், தேவையான இடத்தில் மட்டும் கைகொடுக்கிறார்கள். பிள்ளை திறந்து மூடக்கூடிய கொளுவிகள் உள்ள உடுப்பை வாங்குவது இதற்காகவே.

நமது நாட்டில் இத்தனை உடுப்புத் தேவையில்லை. ஆனாலும் நுவரெலியாவில் தை மாத அதிகாலையில் உறைபனி விழுவதுண்டு. வடக்கிலும் கிழக்கிலும் மாரிமழையில் நனைந்தே பிள்ளைகள் பாடசாலைக்கு வருகிறார்கள். ஈரப் பருத்திச் சட்டையோடு நாள் முழுவதும் இருக்கும் பிள்ளைக்கு எந்த நாட்டிலும் குளிரும். பையில் ஒரு மாற்றுச் சட்டையும் காய்ந்த மேஸும் பொலித்தீன் பையிற் சுற்றி வைத்துவிட்டால், மழையைக் காரணம் காட்டிப் பிள்ளையை வீட்டுக்குள் அடைக்க வேண்டியதில்லை.