கைக்குள் அடங்கிய பெட்டி

1985 கோடை விடுமுறை. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா பெட்டியைத் திறந்ததும் கோடாலித் தைல வாசனை கூடமெல்லாம் பரவியது. அம்மாவுக்கு நைலக்ஸ் புடவை, தாத்தாவுக்கு டார்ச் லைட், எனக்கு உள்ளங்கை அளவில் ஓர் ஆரஞ்சு நிறப் பெட்டி. சோப்புப் பெட்டி என்றுதான் நினைத்தேன். திறந்தால் மேல்மூடியில் ஒரு திரை, கீழே ஒரு திரை. இடப்பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பொத்தான், வலப்பக்கம் குதிப்பதற்கு ஒன்று. சும்மா இருக்கும்போது அது மணி காட்டியது.

"வெயில்ல உக்காந்து ஆடுடா, உள்ளே இருட்டுல ஒண்ணும் தெரியாது" என்றார் சித்தப்பா. அதனால் அந்த விளையாட்டு என் நினைவில் எப்போதும் திண்ணையோடு சேர்ந்தே வருகிறது. மன்னார்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் காலை பத்து மணிவரை வெயில் வரும். நான் தூணில் சாய்ந்துகொள்ள, பக்கத்துவீட்டுப் பையன்கள் மூன்று பேர் என் தோளுக்குமேல் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு ஆள் செத்தால் கை மாற வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

மேல்திரையில் ஒரு கொரில்லா பீப்பாய்களை உருட்டிவிடும். கீழ்த்திரையில் குட்டி மனிதன் ஒருவன் அவற்றைத் தாண்டித் தாண்டி, ஏணி ஏறி மேலே போக வேண்டும். அங்கே ஒரு கிரேன் கொக்கி ஆடும். நேரம் பார்த்து எகிறி அதைப் பிடித்தால் கொரில்லா நிற்கும் தளத்தின் கம்பி ஒன்று கழன்றுவரும். நான்கு முறை இப்படிச் செய்தால் கொரில்லா விழும். கொக்கி தவறினால் அந்த ஆள் விழுவான், எங்கள் நால்வருக்கும் சேர்ந்து மூச்சு நிற்கும்.

இன்னொன்றையும் அந்தத் திண்ணையில்தான் கண்டுபிடித்தேன். பெட்டியை வெயிலில் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால், திரையில் அந்த மனிதன் நிற்கக்கூடிய எல்லா இடங்களிலும் அவன் உருவம் மங்கலாகத் தெரியும். ஏணியில் ஒருவன், குதிப்பில் ஒருவன், கொக்கியில் தொங்கியபடி ஒருவன். பீப்பாய்களும் அப்படியே, எல்லாம் நிழல் நிழலாக. கால்குலேட்டரில் 8 என்ற எண்ணின் கோடுகள் எப்போதும் இருந்துகொண்டு, தேவையானவை மட்டும் கறுப்பாகின்றன அல்லவா, அதே ஏற்பாடு. எண்ணுக்குப் பதிலாக ஆள். இது எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. அந்த வயதில், நான் ஆடப்போகும் ஆட்டமெல்லாம் முன்கூட்டியே அந்தக் கண்ணாடிக்குள் காத்திருப்பதாக நம்பினேன்.

அந்தப் பெட்டியைச் செய்தவர் பெயர் குன்பெய் யோகோய். தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது, அவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

1941-ல் கியோட்டோவில் பிறந்தவர். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு 1965-ல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். அன்றைக்கு அது ஹனஃபுதா என்ற பூப்படச் சீட்டுக்கட்டு செய்கிற கம்பெனி. சீட்டு அச்சடிக்கும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்வதுதான் யோகோயின் வேலை. வேலை குறைவு, பொழுது போகவில்லை. கிராதிபோல விரிந்து நீளும் ஒரு கை பொம்மையைச் செய்து ஆட்டிக்கொண்டிருந்தார். அதை முதலாளி ஹிரோஷி யமவுச்சி பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று நினைத்தவரிடம், அதை விற்பனைப் பொருளாகச் செய் என்றார் யமவுச்சி. 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்று கடைக்கு வந்தது; பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. யோகோய் அன்றோடு எந்திர அறையை விட்டு வெளியே வந்தார்.

எழுபதுகளின் இறுதியில் ஒருநாள் ஷின்கான்சென் ரயிலில் போகும்போது, அலுவலகக்காரர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பெரியவர்கள் மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஆடக்கூடிய ஒரு சின்னப் பெட்டி இருந்தால் என்ன? கொஞ்ச நாளில் முதலாளியின் டிரைவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, காரை ஓட்டும் வேலை யோகோய்க்கு வந்தது. வழியில் இதைச் சொல்லிவைத்தார். யமவுச்சி கேட்டுக்கொண்டாரா என்பதே தெரியவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஷார்ப் நிறுவனத் தலைவர். ஒரு வாரம் கழித்து ஷார்ப் அதிகாரிகள் யோகோயைத் தேடி வந்து நின்றார்கள்.

கால்குலேட்டர் விலைப்போரில் திரையும் சில்லும் அடிமாட்டு விலைக்கு வந்திருந்த நேரம் அது. 1980-ல் முதல் 'கேம் அண்ட் வாட்ச்' வெளியானது. அந்த வரிசை உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல் விற்றது. 1982-ல் வந்த டாங்கி காங்தான் என் ஆரஞ்சுப் பெட்டி. அதே பெயரில், பெரிய கடைகளில் நிற்கும் ஆளுயர எந்திரத்து விளையாட்டை ஷிகெரு மியமோட்டோ என்ற இளைஞர் யோகோயின் மேற்பார்வையில் முந்தின வருடம்தான் செய்திருந்தார். அதை மடிக்கிற பெட்டிக்குள் கொண்டுவரும்போது ஒரு சிக்கல். எந்திரத்துக் கைப்பிடி குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்கும், மூடி மூடாது. யோகோய் அதைத் தட்டையாக்கி நான்கு திசைக்கும் ஒரே கூட்டல் குறியாக்கினார். நடுவில் கட்டைவிரலை வைத்தால் கண்ணால் பார்க்காமலே எந்தப் பக்கம் அழுத்துகிறோம் என்று விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்த விளையாட்டுக் கருவிகளில் அந்தக் குறியோ அதன் சாயலோ இல்லாதது அபூர்வம்.

தன் வழியை அவர் ஒரே தொடரில் சொல்லிவந்தார்: காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது. காய்ந்தது என்றால் கெட்டுப்போனது என்று பொருள் இல்லை. நம்மூர்ச் சொல் ஒன்று இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்: நெற்று. முற்றி, நீர் வற்றி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் போடும் காய். எல்லோரும் இளநீருக்கு அலையும்போது யோகோய் நெற்றைப் பொறுக்கினார். விலை மலிவு, எங்கே உடையும் எங்கே உடையாது என்று எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து யாரும் நினைக்காத ஒன்றைச் செய்வதில்தான் மூளைக்கு வேலை என்றார்.

1989-ல் வந்த கேம் பாய் இந்த எண்ணத்தின் உச்சம். திரையில் வண்ணம் கிடையாது. பாசி நிறத்தில் நான்கு சாயல்கள், 160-க்கு 144 புள்ளிகள், பின்னால் வெளிச்சமும் இல்லை. அதை வலுவான எந்திரமாக்கியதில் அவர் குழுவின் பொறியாளர் சதோரு ஒகாடாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த வருடமே செகா நிறுவனம் கேம் கியர் என்று வண்ணத் திரையோடு போட்டிக்கு வந்தது. பார்க்க அழகு. ஆறு பேட்டரி போட்டு ஐந்து மணி நேரம்கூடத் தாண்டாது. கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பின்னால் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்தால் விற்றது 11 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகம். டெட்ரிஸ் என்ற விளையாட்டு உலகம் முழுக்கப் போனதும் அதன் முதுகில்தான். தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலும் திருவிழாக் கடைகளிலும் நாம் வாங்கிய சீனத்துப் 'பிரிக் கேம்' நினைவிருக்கும். மேலே திரை, கீழே பொத்தான் என்ற அந்த உருவமே கேம் பாய் பார்த்துச் செய்ததுதான்.

பிறகு 1995-ல் வர்ச்சுவல் பாய். தாங்கியில் நிறுத்திக் கண்ணை வைத்துப் பார்க்கும் பெட்டி, உள்ளே எல்லாம் சிவப்பு. எட்டு லட்சம்கூட விற்கவில்லை, ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், 31 வருடம் வேலை பார்த்த நிண்டெண்டோவை விட்டு யோகோய் வெளியேறினார். தோல்விதான் காரணம் என்று ஊர் பேசியது. அப்படியில்லை என்று அவரே விளக்கினார். நான் அவர் சொன்னதை நம்புகிறேன். வெளியே வந்தவர் கியோட்டோவில் கோட்டோ என்ற சின்ன நிறுவனம் தொடங்கி, மறுபடியும் நெற்றுக்கே போனார். பண்டாய் நிறுவனத்துக்காக ஒரே ஒரு பேட்டரியில் ஓடும் கையடக்க எந்திரம்.

அதை அவர் கடையில் பார்க்கவில்லை. 1997 அக்டோபர் 4 அன்று இஷிகவா மாகாண நெடுஞ்சாலையில் அவர் வந்த கார் முன்னால் போன லாரியில் மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கியவரை இன்னொரு வண்டி அடித்துவிட்டது. வயது 56. வொண்டர்ஸ்வான் என்ற அந்த எந்திரம் 1999 மார்ச்சில் வந்தது. கூடவே அவர் யோசனையில் பிறந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு 'குன்பெய்' என்று பெயர் வைத்தார்கள்.

இன்று என் மகனின் போனில் ஆயிரம் விளையாட்டுகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் முடிவில்லை. எதுவும் அவனைத் திண்ணைக்கு வரவழைப்பதில்லை, எதற்கும் வெயில் தேவைப்படுவதில்லை. அவனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் என் தோளுக்குமேல் மூச்சு விட்டுக்கொண்டு நின்ற அந்த மூன்று தலைகளின் சூடு என் கழுத்தில் இன்னும் இருக்கிறது. ஒரு பெட்டி, ஒரு விளையாட்டு, நான்கு பேர். வாங்கிய அன்றே அது முழுதாக முடிந்த பொருள். அதில் சேர்க்கவும் ஏதுமில்லை, அது நம்மிடம் கேட்கவும் ஏதுமில்லை. எனக்கு ஏக்கமெல்லாம் அந்த நிறைவின்மேல்தான். அதை ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார், போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2004-ல் வீட்டை விற்றபோது பரணைக் காலி செய்தோம். பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுப் பெட்டி இருந்தது. நிறம் சற்று மங்கியிருந்தது. மூடி நன்றாகத்தான் திறந்தது, கூட்டல் குறி முன்போலவே அழுந்தியது. பின்பக்கம் திறந்தால் இரண்டு பொத்தான் பேட்டரிகளும் கசிந்து, தகடு பச்சையாகப் பூத்து அரித்துப்போயிருந்தது. புது பேட்டரி போட்டும் உயிர் வரவில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஏணியில், குதிப்பில், கொக்கியில் என்று அத்தனை பேரும் நிழலாக உள்ளேயே நின்றார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று கிடக்கலாம். இன்றைக்கே எடுத்து, முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.