யாருடைய ஆட்டக்காரி?

நான்காம் இடம் பெற்ற அணியிலிருந்து ஒலிம்பிக் தொடரின் சிறந்த வீராங்கனையைத் தேர்ந்தெடுப்பது வழக்கமன்று. 2012-ல் லண்டனில் அது நடந்தது. தென்கொரியாவின் கிம் யோன்கியோங் அத்தொடரில் 207 புள்ளிகள் எடுத்திருந்தார்; அணியோ வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் தோற்று வெறுங்கையோடு ஊர் திரும்பியது. கிரிக்கெட்டுக்கு அப்பால் அதிகம் பார்த்துப் பழகாத எங்களில் சிலருக்கு அவர் பெயர் அறிமுகமானது அப்போதுதான்.

அவரிடம் முதலில் கண்ணில் படுவது 192 சென்டிமீட்டர் உயரமும், வலைக்கு மேலிருந்து இறங்கும் அடியும். எங்களுக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. எதிரணியின் சர்வீஸ் சீறி வருகையில் உடம்பைத் தாழ்த்தி, இரு கரங்களையும் சேர்த்து, பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு லிஃப்டரின் கைக்கு அனுப்பிவைக்கிற நிதானம். உயரமான அடிப்பாளர்களுக்குப் பெரும்பாலும் வாய்க்காத வித்தை. பள்ளி நாட்களில் அவர் உயரம் குறைந்தவர். வெளியே உட்கார்ந்திருந்த ஆட்டங்களே மிகுதி. அடிக்க வாய்ப்பில்லாதவர் பந்தெடுக்கக் கற்றார். பிறகு உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தார்.

2005-ல் ஹுங்குக் லைஃப் கிளப்பில் தொடங்கி, 2009-ல் ஜப்பானுக்கும் 2011-ல் இஸ்தான்புல்லின் ஃபெனர்பாசேவுக்கும் போனார். 2012-ல் அந்த அணி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. அதே ஆண்டில்தான் சிக்கலும் வந்தது. உள்நாட்டு லீக் விதிப்படி ஆறு பருவங்கள் ஆடினால்தான் ஒருவர் தன் விருப்பப்படி கிளப் மாறலாம். கிம் உள்ளூரில் ஆடியது நான்கே. அயல்நாட்டில் ஆடிய ஆண்டுகள் இரவல் கொடுத்த ஆண்டுகள், அவை கணக்கில் வாரா என்றது தாய்க் கிளப். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த அண்டாவைப் பற்றிப் பேசுவது போலத்தான் எங்களுக்குக் கேட்டது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பது அவர் தரப்பு. இழுபறி நீண்டு, கடைசியில் சர்வதேசக் கூட்டமைப்பின் முடிவு அவருக்குச் சாதகமாகவே அமைந்தது.

விந்தை என்னவென்றால், 2020-ல் அவர் திரும்பிவந்தது அதே கிளப்புக்கு. ஊதிய உச்சவரம்பினால் சக ஆட்டக்காரிகளின் சம்பளம் குறைந்துவிடக் கூடாதென்று, துருக்கியில் பெற்றதில் ஒரு சிறு பங்கையே ஏற்றுக்கொண்டார். இதைத் தாய்வீட்டுப் பாசம் என்று எழுதியவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. போகும் உரிமையை வென்றவர், வரும் உரிமையையும் தன் கையில் வைத்திருந்தார், அவ்வளவே. 2025-ல் அக்கிளப்புக்கே லீக் பட்டத்தை வென்று கொடுத்து ஓய்வு பெற்றார்.

ஆனால் பட்டங்களைவிட எங்கள் பேச்சில் அடிக்கடி வருவது 2021 ஆகஸ்டு மாதத்து டோக்கியோ காலிறுதி. எதிரே துருக்கி, அதன் தலைவி ஏதா எர்தெம், ஃபெனர்பாசேயில் கிம்முடன் பல ஆண்டுகள் ஆடியவர். ஐந்தாம் செட் 15–13 எனக் கொரியாவுக்குப் போயிற்று. துருக்கிப் பெண்கள் அழுதார்கள். அவர்கள் நாட்டில் அப்போது காடுகள் எரிந்துகொண்டிருந்தன. அடுத்த இரு ஆட்டங்களிலும் தோற்று, கொரியா மறுபடியும் நான்காம் இடத்தில் நின்றது. இதற்கிடையே கொரிய ரசிகர்கள், கிம்மின் பெயராலும் தங்கள் அணியின் பெயராலும், துருக்கியின் எரிந்த காடுகளுக்கு மரக்கன்றுகள் வாங்கப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.